பொருத்துவதும் பொருந்துவதும்

பழைய கார்களுக்கான பணிமனைக் கையேடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாகத்தைக் கழற்றும் முறையை அவை படிப்படியாக விவரிக்கும்: எந்தத் திருகாணியை முதலில் தளர்த்துவது, எந்த மின்கம்பியை விடுவிப்பது, பாகத்தை எந்தப் பக்கமாக இழுப்பது என எல்லாம் வரிசை எண்ணோடு இருக்கும். திரும்ப மாட்டும் இடம் வந்ததும் கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால் போதும் என்ற பொருளில் ஒற்றை வாக்கியம் எழுதி அடுத்த பாகத்துக்குப் போய்விடும்.

எஞ்சினுக்குள் இருக்கும் பல பாகங்களைப் பொறுத்தவரை இந்த வாக்கியம் ஏறக்குறைய உண்மைதான். அங்கே பரப்புகள் கடைந்து எடுக்கப்பட்டவை, இடைவெளிகள் எண்ணால் குறிக்கப்பட்டவை. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்முகத்துக்கு, அதாவது கிரிலுக்கும் பம்பருக்கும் பக்கவாட்டில் ஓடும் பளபளப்பான பீடிங்குக்கும், அதே வாக்கியம் பொய்யாகிவிடுகிறது. அந்தப் பொய்யின் வெற்றிடத்தை ஒவ்வொரு நாளும் தன் கையாலும் சொல்லாலும் நிரப்புகிறவர் ஒரு தொழிலாளி. அவருடைய அறிவைச் 'சொல்லில் அடங்காத கைப்பழக்கம்' என்று புகழ்ந்து கடந்துபோவதே படித்தவர்களின் வழக்கமாக இருக்கிறது. அந்தப் புகழ்ச்சி தவறானது. அவ்வறிவுக்குச் சொற்கள் உண்டு. அவற்றை எவரும் எழுதிவைக்கவில்லை என்பதே குறை.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். 2019 முதல் இந்தியச் சாலைகளில் ஓடும் ஹெக்டர் காரின் முகப்பில் எண்கோணத்துக்குள் எம்.ஜி. என்ற இரண்டு எழுத்துகள் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். இன்று அந்தப் பெயர் ஒரு சீன நிறுவனத்தின் உடைமை. அதே எண்கோணம் இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த சிறிய திறந்த கார்களின் அடையாளமாகப் பல பத்தாண்டுகள் இருந்தது. அவற்றுள் மிகப் பரவலாக விற்றது எம்.ஜி.பி. என்னும் மாதிரி. 1962இல் தொடங்கி 1980இல் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்படும்வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்றும் உலகில் மிகுதியாகப் புதுப்பிக்கப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுள் இதுவும் ஒன்று.

பதினெட்டு ஆண்டுகளில் அந்தக் காரின் உடல்வாகு பெரிதாக மாறவில்லை, முகம் மட்டும் பலமுறை மாறியது. முதலில் குரோம் சட்டத்துக்குள் செங்குத்தான மெல்லிய பட்டைகள் நிறைந்த கிரில் இருந்தது. பழைய எம்.ஜி. கார்களின் ரேடியேட்டர் முகப்பை நினைவூட்டும் வடிவம் அது. 1969 இலையுதிர் காலத்தில் உள்ளே அமுங்கிய கரிய கிரில் வந்தது. ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1972இல் குரோம் சட்டம் மீண்டும் வந்தது, நடுவில் தேன்கூடு போன்ற கரிய வலையோடு. 1974இல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒரு பெரிய கரிய பம்பர் முன்முகம் முழுவதையும் மூடியது. அமெரிக்கா மெதுவேக மோதல்களைத் தாங்கும் பம்பரை 1973ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து கட்டாயமாக்கியதன் தொடர்ச்சி அது. எஃகுச் சட்டத்தின்மேல் பாலியூரித்தேன் வார்க்கப்பட்ட அந்த அமைப்பை மக்கள் பொதுவாக 'ரப்பர் பம்பர்' என்றே அழைக்கின்றனர். பம்பர் உயர விதிக்காக வண்டியே சற்று உயர்த்தப்பட்டது. ஒரு காரின் முகம் வடிவமைப்பாளரின் ரசனையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, கடல்கடந்த ஒரு நாட்டின் சட்டமும் அதை வரைகிறது என்பதற்கு இந்த வண்டி நல்ல சான்று.

இப்போது அந்தக் காரில், முதல் பத்தாண்டைச் சேர்ந்த ஒன்றில், கிரிலை மாட்டும் வேலையைக் கவனிப்போம். கிரில் தனித்து நிற்கும் பாகமன்று. அதன் மேல் விளிம்புக்கு அருகில் பானட்டின் முன்விளிம்பு வந்து மூடுகிறது. இருபுறமும் மட்கார்டுகளின் வளைவு. கீழே முன்பலகை, அதற்கு முன்னால் பம்பர். பானட் ஒரு நூல் அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தால் கிரில் வலப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். ஆகவே கிரிலைத் தொடுவதற்கு முன்பே பானட்டின் கீல்களும் பூட்டும் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். பானட்டைச் சரிசெய்யும் முன் மட்கார்டுகள் நிலைபெற்றிருக்க வேண்டும். எம்.ஜி.பி.யின் முன் மட்கார்டுகள் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டவை என்பதால் அவற்றுக்கும் சற்று நகரும் இடமுண்டு. ஆக, கிரில் என்பது அதற்குமுன் செய்த அத்தனை வேலைகளின் பிழைகளும் வந்து சேரும் இடம். கழற்றும்போது இந்தச் சங்கிலி எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறேழு திருகாணிகளைக் கழற்றினால் கிரில் கையோடு வந்துவிடும்.

மாட்டும்போது சந்திக்க வேண்டியவை வேறு. புதிய வண்ணப்பூச்சு பழையதைவிடத் தடித்திருந்தால் துளைகள் சுருங்கியிருக்கும், பிணைநட்டுகளின் புரிகளில் வண்ணம் அடைத்திருக்கும். குரோம் பூச்சிலோ உண்மையில் குரோமியத்தின் பங்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதன் அடியில் பல மடங்கு தடித்த நிக்கலும், பெரும்பாலும் அதற்கும் அடியில் செம்பும் இருக்கின்றன. மறுபூச்சுக்கு முன் பழைய பரப்பை உரசி மெருகேற்றும்போது உலோகமே தேய்கிறது. விளிம்புகள் மழுங்குகின்றன, பட்டையின் வளைவும் சற்று மாறிவிடுகிறது. துத்தநாகக் கலவையில் வார்த்த சின்னங்களில் குழிகள் விழுந்திருந்தால் மறுபூச்சு அவற்றை எளிதில் மறைப்பதில்லை. பூச்சுப் பட்டறையிலிருந்து திரும்பிவந்த கிரில், வடிவத்தால் அதே கிரில். அளவால் வேறொரு பாகம். கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கினால் போதும் என்பவர்கள் கழற்றியதையே மாட்டுகிறோம் என்று கருதிக்கொள்கின்றனர். அந்த எண்ணத்திலேயே பிழை தொடங்குகிறது.

நல்ல பணிமனைகளில் வண்ணம் பூசுவதற்கு முன்பே ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிடுகின்றனர். துளை நீட்ட வேண்டுமா, தாங்கியை வளைக்க வேண்டுமா என்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒத்திகையில் தீர்ந்துவிட வேண்டும். ஈர வண்ணம் காய்ந்து பளபளக்கும் மட்கார்டுக்குப் பக்கத்தில் அரத்தைக் கொண்டுபோக எவரும் விரும்பமாட்டார். இறுதிப் பொருத்தலில் விளிம்புகளுக்குத் தாள்நாடா ஒட்டி, எல்லாத் திருகாணிகளையும் பாதி மட்டும் ஏற்றி, கிரில் இன்னும் நகரும் நிலையில் பானட்டை மெல்ல மூடிப் பார்க்கின்றனர். பத்தடி தள்ளிப்போய்ப் பார்க்கின்றனர். பிறகுதான் முறுக்குவது, அதுவும் ஒரு பக்கத்தை முழுதாக முடிக்காமல் மாறிமாறிச் சிறிது சிறிதாக.

பக்கவாட்டுப் பீடிங்குக்கும் இதே கதைதான். மட்கார்டு, கதவு, பின்பக்கம் என மூன்று துண்டுகளாக ஓடும் பட்டை, தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரிய வேண்டும். கதவு தொங்கியிருந்தால் கோடு உடையும். அதைப் பீடிங்கில் திருத்த முயல்வது வீண். கதவின் கீலுக்குத்தான் திரும்ப வேண்டும். கவ்விகளுக்காக உடலில் இட்ட துளைகளின் ஓரத்தில் வண்ணம் உரிந்தால் அங்கேதான் நீர் தேங்கும், அங்கிருந்துதான் துரு கிளம்பும். எனவே ஒவ்வொரு துளைக்கும் மெழுகோ கிரீஸோ வைத்த பிறகே கவ்வியை அழுத்துவது அனுபவசாலிகளின் வழக்கம்.

இந்தச் சிரமங்களுக்கெல்லாம் பழைய கார் ஆர்வலர்கள் சொல்லும் பொதுவான காரணம் ஒன்று உண்டு: 'இப்போது வரும் நகல் பாகங்கள் தரமற்றவை, அதனால்தான் பொருந்துவதில்லை.' இதில் உண்மை இருக்கிறது. மெல்லிய தகடு, இடம் தவறிய துளை, கோணம் மாறிய தாங்கி ஆகியவை நகல் பாகங்களின் அறியப்பட்ட குறைகள். ஆயினும் அந்தக் கூற்றுக்கு அடியில், அசல் பாகமாக இருந்தால் தானாகவே பொருந்தியிருக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஆபிங்டன் அடிப்படையில் ஒரு கோர்ப்புத் தொழிற்சாலை. உலோக உடல் வேறோர் இடத்தில் அச்சிட்டுப் பற்றவைக்கப்பட்டு அங்கு வந்தது. அச்சுகள் ஆண்டுதோறும் தேய்ந்தன. பற்றவைப்புச் சட்டங்களில் ஒவ்வோர் உடலும் சிறிதே வேறுபட்டு உருவானது. அங்கே கிரிலை மாட்டிய தொழிலாளரும் வளைத்தும் நகர்த்தியும் வாஷர் வைத்தும்தான் மாட்டினர். கிரிலின் துளைகள் திருகாணியைவிடப் பெரிதாகவும், சில நீள்வட்டமாகவும் இருப்பதே அதற்குச் சாட்சி. அந்தக் கூடுதல் இடம், பாகத்துக்கும் உடலுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு மனிதக் கை தீர்த்துவைக்கும் என்ற எதிர்பார்ப்போடு வரைபடத்திலேயே விடப்பட்டது. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை மீட்டு எம்.ஜி.பி. உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. அசல் அச்சில் பிறந்த அந்தப் புத்துடல்களுக்கும் முகப்பைப் பொருத்துகிறவர் ஒருவர் தேவைப்பட்டார்.

அசல் என்ற சொல்லால் ஆர்வலர்கள் குறிப்பது பாகத்தை. தொழிற்சாலையில் அசலாக இருந்தது பாகம் மட்டுமன்று, பொருத்தும் செயலும்தான். பாகத்தின் எண்ணும் பூச்சின் வகையும் திருகாணியின் தலை வடிவமும் கவனமாகப் பதிவுசெய்யப்பட்டு, போட்டிகளில் மதிப்பெண் பெறுகின்றன. பொருத்தியவரின் அறிவு பதிவாவதில்லை.

அந்த அறிவு எதனால் ஆனது என்று பார்க்கத் தமிழின் ஒரு வினையிணை உதவுகிறது. பொருந்து, பொருத்து. திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு, இயங்கு–இயக்கு போன்ற இணைகளுள் இதுவும் ஒன்று. மெல்லெழுத்து வல்லெழுத்தாகும்போது வினை தானே நிகழ்வதிலிருந்து ஒருவர் நிகழ்த்துவதாக மாறுகிறது. கையேடு முழுவதும் பொருத்து என்ற வினையாலானது: இதை வை, இதை முறுக்கு, முடிந்தது. பணிமனையில் வேலை முடிந்ததா என்பதைத் தீர்மானிப்பது மற்ற வினை. தொழிலாளி கிரிலைப் பத்துமுறை பொருத்தியிருப்பார். அது பொருந்தியது ஒருமுறைதான். பொருத்துவது கையின் வேலை. பொருந்தியதா என்று பாகத்தையே கேட்டுப் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் தொழில் இருக்கிறது.

அந்தத் தொலைவைக் கடக்கத் தமிழ்நாட்டுப் பணிமனைகளில் புழங்கும் சொற்களைக் கவனித்தால் அவை ஏதோ பேச்சுவழக்கின் அலங்காரம் அல்ல என்பது தெரியும். 'உட்காரல' என்றால் பரப்பு முழுவதும் தொடவில்லை, எங்கோ இடைவெளி இருக்கிறது. 'இடிக்குது' என்றால் ஏதோ ஒரு புள்ளியில் மட்டும் தொடுகிறது, அந்தப் புள்ளிதான் மற்ற இடங்களைத் தொடவிடாமல் தடுக்கிறது. 'ஆட்டம் இருக்கு' என்றால் இடம் தேவைக்கு மேல் இருக்கிறது. 'முறைச்சுக்கிட்டு நிக்குது' என்றால் பட்டை தன் பழைய வளைவுக்குத் திரும்பத் துடிக்கிறது. திருகாணியின் பலத்தால் மட்டும் அடங்கியிருக்கிறது, நாளை எகிறும். ஒவ்வொரு சொல்லும் ஒரு நோய்க்குறி. ஒவ்வொன்றுக்கும் வைத்தியமும் வேறு. இடிப்பதை அரத்தால் தேய்க்கலாம், அல்லது நகர்த்தலாம். ஆட்டத்துக்கு வாஷரோ ரப்பரோ வைக்கலாம். முறைத்து நிற்பதைத் தேய்ப்பதும் தவறு, மேலும் முறுக்குவதும் தவறு. கழற்றி மடியில் வைத்து வளைவைத் திருத்த வேண்டும். இந்த நான்கையும் கையேட்டு ஆங்கிலம் பெரும்பாலும் 'தேவைப்பட்டால் சரிசெய்க' என்னும் அளவிலான ஒரே குறிப்பில் அடக்கிவிடுகிறது.

அளவுச் சொல்லும் அப்படியே. எம்.ஜி.பி. அங்குலத்தில் வரையப்பட்ட வண்டி. அதன் போல்ட்டுகளும் அங்குலக் கணக்கில் அமைந்தவை. இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆனால் தமிழ்நாட்டுத் தச்சரும் டிங்கரிங் தொழிலாளரும் இன்றும் அங்குலத்தில் எட்டிலொரு பங்கை 'நூல்' என்கின்றனர். வடக்கே இந்தி பேசும் பட்டறைகளில் அதே அளவுக்குப் பெயர் 'சூத்'. அதற்கும் நூலிழை என்றே பொருள். வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரு மொழிகள் ஒரே உருவகத்தால் ஒரே அளவைப் பெயரிட்டு வைத்திருக்கின்றன. அது போலவே, பாகம் சரியாக அமர்ந்துவிட்டது என்பதற்குத் தமிழில் 'உட்கார்ந்துடுச்சு', இந்தியில் 'பைட் கயா'. வேலை செய்பவரைக் குறிக்கும் தமிழ் 'மேஸ்திரி'யும் இந்தி 'மிஸ்திரி'யும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் பிள்ளைகள். ஆங்கிலத்தில் தகட்டில் பள்ளம் விழுவதைக் குறிக்கும் 'டென்ட்' இந்தியப் பட்டறையில் பள்ளத்தை எடுப்பவரின் தொழிற்பெயராக, 'டென்டர்' என்று, தலைகீழாகி நிற்கிறது. எழுதப்படாத ஒரு கலைச்சொல் தொகுதி நாடு முழுவதும் இப்படிப் புழங்குகிறது. அகராதிகள் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்றே சொல்ல வேண்டும். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் கிரிலுக்கும் பம்பருக்கும் தூய சொல் தேடுவதில் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கை, ஏற்கெனவே இருக்கும் 'முறைச்சுக்கிட்டு நிக்குது' போன்ற வினைகளைத் திரட்டச் செலவிட்டிருக்கலாம். பெயர்ச்சொற்கள் கடன்வாங்கக் கிடைக்கும். செயலின் நுட்பத்தைச் சொல்லும் வினைகள் அப்படிக் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழலாம். மைக்கேல் பொலானி 1966இல் வெளியிட்ட தம் நூலில், மனிதர் தம்மால் சொல்ல முடிவதைவிட மிகுதியாக அறிந்திருக்கின்றனர் என்னும் கருத்தை முன்வைத்தார். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் எப்படி ஓட்டுகிறோம் என்று விளக்கிவிட முடியாது. கிரில் பொருத்துவதும் அவ்வாறுதானே என்று கேட்கலாம். பொலானியின் கருத்து தவறன்று. அரம் எத்தனை இழுப்பில் நிற்க வேண்டும் என்பதைக் கை அறிந்த அளவுக்கு வாய் சொல்லாது. ஆனால் அந்தக் கருத்தைப் பயன்படுத்துவோர் எளிதாக ஒரு தாவல் தாவிவிடுகின்றனர். சிலது சொல்லில் வராது என்பதிலிருந்து, தொழிலாளி அறிந்த எதுவும் சொல்லில் வராது என்று முடித்துவிடுகின்றனர். பணிமனைகளில் ஒரு மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பதைக் கேட்டவர் எவரும் அங்கே மௌனம் நிலவுவதாகச் சொல்லமாட்டார். 'கீழே இடிக்குது, மேல முறுக்காத' என்பது முழுமையான ஒரு தொழில்நுட்ப அறிவுரை. காரணம், இடம், தடை மூன்றும் அதில் இருக்கின்றன. அது பேசப்பட்ட அறிவு. எழுதப்படாததால் பேசப்படாததாகக் கருதப்படுகிறது. சொல்ல முடியாததையும் எழுதிவைக்காததையும் ஒன்றெனக் கொள்வது எழுத்தறிந்தவர்களுக்கு வசதியானது. பதிவுசெய்யும் பொறுப்பிலிருந்து அது அவர்களை விடுவிக்கிறது. தொழிலாளிக்கு அதனால் இழப்பு. விளக்க முடியாத திறமை 'கைராசி' எனப் புகழப்படும். விளக்கக்கூடிய திறமைக்குத்தான் பாடத்திட்டமும் சான்றிதழும் கூலி உயர்வும் உண்டு.

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 1964 முதல் தில்லியில் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மன் பழங்கார் அணிவகுப்பு போன்றவை ஒரு சிறு வட்டத்தின் ஆர்வமாக நெடுங்காலம் இருந்தன. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதற்பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்குரிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் சேரும். பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வண்டி அசல் வடிவத்தில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

நிபந்தனை நியாயமானது. ஆனால் அசல் வடிவம் என்பதை எவ்வாறு அறிவது? மீண்டும் எம்.ஜி.பி.யே உதவுகிறது. 1974க்குப் பிந்தைய கரிய பம்பர் வண்டிகளை வாங்கி, அந்த முகத்தை நீக்கிவிட்டு 1960களின் குரோம் முகத்தை ஏற்றுவது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரவலான வழக்கம். அதற்குக் கிரிலையும் பம்பரையும் மாற்றினால் மட்டும் போதாது. மட்கார்டின் முன்பகுதியையும் கீழ்ப்பலகையையும் வெட்டி மாற்ற வேண்டும். முடிவில் வண்டி பார்ப்பவர் கண்ணுக்கு முன்னைவிடப் 'பழைய' வண்டியாகத் தோன்றும். உண்மையில் 1975இல் பிறந்த வண்டியின் அசல் முகம், பலருக்குப் பிடிக்காத அந்தக் கரிய பாலியூரித்தேன்தான். அழகான குரோம் கிரில் அங்கே ஒரு திரிபு. மறுபுறம், 1965ஆம் ஆண்டு வண்டி ஒன்றில் நகல் கிரிலை மாட்டி, அதன் தாங்கியை ஒரு நூல் வளைத்து, உடலில் ஒரு துளையும் புதிதாக இடாமல் பொருத்திய தொழிலாளி அசல் வடிவத்தைக் காத்தவராகிறார், பாகம் நகலாயினும். பாகத்தின் பிறப்பைப் பார்க்கும் ஆய்வு இந்த வேறுபாட்டைப் பிடிக்காது. செய்த வேலையின் வரலாற்றைப் பார்க்கும் ஆய்வு பிடிக்கும்.

பழம்பெரும் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், செய்யும் வேலைகளை ஆவணப்படுத்துவதை வலியுறுத்துகிறது. அந்த நெறியை இந்தியப் பணிமனையின் மொழிக்குக் கொண்டுவருவது கடினமன்று. மூன்று பழக்கங்கள் போதும். பழைய உடலுக்கும் புதிய பாகத்துக்கும் முரண்பாடு வந்தால் பாகத்தைத் திருத்துவது, உடலைத் தொடாமலிருப்பது. கழற்றிய பழைய பாகம் எவ்வளவு சிதைந்திருந்தாலும் வண்டியோடு சேர்த்து வைத்திருப்பது. செய்த ஒவ்வொரு திருத்தத்தையும், செய்தவரின் பெயரோடும் அவர் பயன்படுத்திய அதே சொற்களோடும் ஒரு தாளில் எழுதி வண்டியின் ஆவணங்களோடு இணைப்பது. 'இடது கீழ்த் தாங்கி இடித்தது, ஒரு நூல் தேய்த்தது; வலது மேல் முனை முறைத்தது, கழற்றி வளைத்தது' என்ற இரண்டு வரிகள் அடுத்த முறை அந்தக் கிரிலைக் கழற்றி மாட்டுகிறவருக்குக் கையேட்டைவிடப் பெரிய உதவி.

உரிமையாளர்கள் சிலர் இதை வீண் வேலை என்பர். காரை ஓட்டத்தான் வாங்கினோம், தொல்லியல் நடத்த அல்ல என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கும் மதிப்பு உண்டு. ஓடாத கார் காட்சிப்பொருள் மட்டுமே. ஆயினும் அவர்களே வண்டியை விற்கும்போது ரசீதுகளையும் பழைய பதிவுச் சான்றுகளையும் கோப்பாக அடுக்கிக் காட்டி விலை கேட்கின்றனர். கோப்பில் குரோம் பூச்சுக்கான ரசீது இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கிரிலுக்கான சுங்கத் தாள் இருக்கிறது. அந்தக் கிரிலை மூன்று நாள் முயன்று உட்காரவைத்தவரின் பெயர் இல்லை. விலையை உயர்த்திய உழைப்பு விலைப்பட்டியலில் 'ஃபிட்டிங்' என்ற ஒரு வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஒரு தாள் எழுதுவதற்கு ஆகும் நேரம் அரை மணி. அது வீண் என்றால் கோப்பு முழுவதும் வீண்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகன உடல் பழுதுபார்ப்பு ஒரு பாடப்பிரிவாகவே இருக்கிறது. அங்கே பயிலும் மாணவரின் கையில் கொடுக்கப்படுவது ஆங்கிலப் பாகப் பெயர்களின் பட்டியல். பட்டறைக்குப் போன முதல் நாளே அவர் கேட்பது வேறு மொழி. மொழியியல் துறைகள் கள ஆய்வுக்கு மலைகளையும் தீவுகளையும் தேடிச் செல்வது தேவையான பணிதான். அழியும் மொழிகளைப் பதிவுசெய்வதை எவரும் குறைகூற முடியாது. அதே ஒலிப்பதிவுக் கருவியோடு சென்னையிலோ கோவையிலோ தில்லியிலோ ஒரு பட்டறை வாசலில் ஒரு வாரம் உட்கார்ந்தால், எந்த அகராதியிலும் இல்லாத வினைகளின் ஒரு முறைமை பதிவாகும். பழைய தகட்டு வேலை தெரிந்த தலைமுறை முதுமையடைந்துவருகிறது. இன்றைய கார்களில் கிரில் நெகிழியாலானது. கவ்விகளில் சொடுக்கி மாட்டுவது, உடைந்தால் மாற்றுவது. அங்கே இடிப்பதும் முறைப்பதும் குறைவு. செயல் குறையும்போது சொல்லும் குறைகிறது. வண்டிகள் கண்காட்சிகளில் நீடிக்கும், அவற்றைப் பொருந்தச் செய்யும் மொழி நீடிக்காது என்ற நிலை வருவதற்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.

பழைய காரைக் காப்பது மரபைக் காப்பது என்று கருதும் எவரும் அந்த மரபின் எல்லையைக் கிரிலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அடுத்தமுறை ஒரு வண்டி புதுப்பிக்கப்படும்போது, உரிமையாளர் கைப்பேசியில் எடுக்கும் நூறு படங்களோடு ஒரு பத்து நிமிட ஒலிப்பதிவும் எடுக்கட்டும். கேள்வி ஒன்றே போதும்: 'அண்ணே, இது ஏன் உட்காரல?' பதில் வரும். அதை எழுதிவைப்பதுதான் மிச்ச வேலை.